பச்சைத் தொட்டியில் ஐந்து சதவீதம்

போன வாரம் பிளாஸ்டிக், உலோகப் பொட்டலங்களைப் போடும் மஞ்சள் பையைப் பின்தொடர்ந்தோம். இந்த வாரம் ஸ்டுட்கார்ட் வீடுகளில் அதற்குப் பக்கத்தில் நிற்கும் பச்சைத் தொட்டி. அது பழைய பேப்பருக்கானது. நாளிதழ், அட்டைப்பெட்டி, நோட்டுத்தாள் எல்லாம் அதில் போடலாம். பால் வந்த அட்டைப்பெட்டியைப் போடக் கூடாது. அதன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் அட்டை. மீதி பாலிஎத்திலீன், சிலவற்றில் அலுமினியமும். ஆகவே அது மஞ்சள் பைக்குரியது.

இதுவரை தெளிவாகத்தான் இருக்கிறது. சிக்கல் சட்டத்தில் உள்ள ஓர் எண்ணில் தொடங்குகிறது. 2019 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் பொட்டலச் சட்டப்படி, ஒரு பொட்டலத்தின் எடையில் 95 சதவீதத்துக்கு மேல் ஒரே பொருளாக இருந்தால் அது கலப்புப் பொட்டலம் ஆகாது. அதாவது, ஐந்து சதவீதத்துக்குக் குறைவாகப் பிளாஸ்டிக் பூசிய தாளும் சட்டத்தின் கண்ணில் வெறும் தாள்தான். பிளாஸ்டிக் உறையைக் கைவிட்டுத் 'தாளுக்கு மாறிவிட்டோம்' என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் பலவும் இந்த எல்லைக்குள் அடங்கும்படியே பூச்சை மெலிதாக்குகின்றன.

அந்தத் தாள் காகித ஆலைக்குப் போனதும் என்ன ஆகிறது? 'பல்பர்' என்னும் பெரிய தொட்டியில் தண்ணீரோடு போட்டுச் சுழற்றுகிறார்கள். தாள் ஊறி நார் நாராகப் பிரிகிறது. பூச்சு கெட்டியான படலமாக இருந்தால் துண்டு துண்டாகக் கிழிந்து சல்லடையில் தங்கும். அதை அள்ளி எரித்துவிடலாம். எல்லாப் பூச்சும் அப்படி உரிந்து வருவதில்லை. தண்ணீரில் கலந்து பூசும் புதுவகைப் பாலிமர் பூச்சுகள் தொட்டியில் பொடிப்பொடியாக உதிர்கின்றன. சல்லடையை அடைக்காததால் ஆலைக்குத் தொல்லை இல்லை; 'மறுசுழற்சிக்கு ஏற்றது' என்ற சான்றும் எளிதாகக் கிடைக்கிறது. என்னை உறுத்துவது இதுதான். பூச்சு மறையவில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிட்டது, அவ்வளவே. அந்த மைக்ரோபிளாஸ்டிக்கில் ஒரு பகுதி புதுத் தாளில் ஏறுகிறது. ஒரு பகுதி கழிவுநீரோடு போகிறது. சுத்திகரிப்பில் பிடிபடுவது கசடில் தங்குகிறது. தப்பியது ஆற்றில் கலக்கிறது.

ஆலைக் கசடு எங்கே போகிறது என்பதை அலட்சியமாக விட்டால் என்ன நடக்கும் என்று அறிய ஸ்டுட்கார்ட்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். மேற்கே கருங்காட்டைத் தாண்டினால் ராஸ்டாட், பாடன்-பாடன் பகுதி. ஸ்ட்ராபெர்ரியும் ஆஸ்பராகஸும் விளையும் ரைன் சமவெளி. 2000-களில் அங்குள்ள வயல்களில் மட்கு உரத்தோடு கலந்து கொட்டிய கழிவுதான் மண்ணைக் கெடுத்தது என்று அரசு சொல்கிறது. அது காகித ஆலைக் கசடு. எண்ணெய் ஊறாமலிருக்க உணவுத் தாளில் பூசும் பிஃபாஸ் வேதிப்பொருள்கள் அதில் இருந்தன. இவை பிளாஸ்டிக் துகள்கள் அல்ல. ஆனால் பூச்சிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து கசடுக்கும், கசடிலிருந்து வயலுக்கும் வந்த பாதை அதேதான். 2013 வாக்கில் விஷயம் வெளியே வந்தபோது பிஃபாஸ் நிலத்தடி நீரிலும் இறங்கியிருந்தது. ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல் மாசுபட்டது. அங்கே இன்றும் அறுவடைக்கு முன்பே பயிரைச் சோதிக்கிறார்கள். ராஸ்டாட்டில் குடிநீரைக் கரி வடிகட்டியில் செலுத்த வேண்டியதாயிற்று. மண்ணிலிருந்து பிஃபாஸை அள்ளி எடுக்க வழி இல்லை.

அந்த 2019 ஜனவரி 1 தமிழ்நாட்டுக்கும் முக்கியமான நாள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு அன்றுதான் தடை வந்தது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. ஜெர்மனி எதைப் பிரிப்பது, எத்தனை சதவீதம் மறுசுழற்சி செய்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே நாளில், பேப்பர் கப்பும் பிளாஸ்டிக்தான் என்னும் நம் அரசாணை நடைமுறைக்கு வந்துவிட்டது. மறுஆண்டே காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அதற்கு வலு சேர்த்தார்கள். பேப்பர் கப்பில் 100 மில்லி வெந்நீர் ஊற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தால் 25,000 அளவில் நுண்துகள்கள் இறங்குவதாகக் கண்டார்கள். கப் உற்பத்தியாளர்கள் வழக்காடி உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் பேப்பர் கப் தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் நம் டீக்கடைகளில் அந்தக் கப் அடுக்கடுக்காக இருப்பது வேதனை. சரியான சட்டம் கையில் இருந்தும் அதை நடத்திக்காட்டாமல் விடுவது பெரிய இழப்பு.

ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே இருக்கும் டூபிங்கன் நகராட்சி தடை போடவில்லை, வரி போட்டது. 2022 ஜனவரி 1 முதல் எடுத்துச்செல்லும் உணவுக்கு ஒருமுறை பயன்படுத்தும் ஒவ்வொரு கப்புக்கும் தட்டுக்கும் 50 சென்ட். ஒரு மெக்டொனால்ட்ஸ் கிளைக்காரர் வழக்குப் போட்டார். மாநில நீதிமன்றத்தில் நகராட்சி தோற்றது. லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2023-ல் அந்தத் தீர்ப்பைப் பெருமளவு மாற்றி, வரி செல்லும் என்றது. 2025 ஜனவரியில் வெளியான தீர்ப்பில் அரசியல் சட்ட நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே மாதம் முதல் தேதியிலிருந்து கான்ஸ்டன்ஸ் நகரமும் வசூலிக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு ஊரிலும் ரசீதில் பிளாஸ்டிக் கப்புக்கும் பேப்பர் கப்புக்கும் ஒரே தொகைதான்.