'கழகம்' என்றால் சூதாடும் இடமா? வைரல் மீம் சொல்வது உண்மையா?

தேர்தல் நேரம் வந்தாலே வாட்ஸ்அப்பில் ஒரு மீம் சுற்றும். 'வள்ளுவர் அன்றைக்கே கழகங்களைப் பற்றி எச்சரித்துவிட்டார்' என்று. நீங்களும் பார்த்திருப்பீங்க. இது உண்மையா?

பாதி உண்மை. திருக்குறளின் 94-வது அதிகாரம் 'சூது'. அதில் 935, 937 ஆகிய இரண்டு குறள்களில் 'கழகம்' வருகிறது. பொருள், சூதாடும் களம்தான்.

ஆனா கதை அங்கேயே நிற்கவில்லை. கம்பராமாயணத்தில் அதே சொல் இளைஞர்கள் கலை பயிலும் இடம். மீம் போடுறவங்க கம்பர் பக்கம் போவதில்லை!

அரசியலுக்கு எப்படி வந்தது?

20-ம் நூற்றாண்டில் தனித்தமிழ் ஆர்வம் பெருகியபோது, வடசொல்லாகக் கருதப்பட்ட 'சங்கம்' இருந்த இடத்தில் 'கழகம்' உட்கார்ந்தது. சர்வகலாசாலை பல்கலைக்கழகம் ஆனதும் இப்படித்தான். நீதிக்கட்சியின் முறையான பெயர் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். 1944 சேலம் மாநாட்டில் அது திராவிடர் கழகம் ஆனது.

இங்கே ஒரு சுவாரஸ்யம். திராவிட நாடு கோரிக்கையை எதிர்த்த ம.பொ.சி. 1946-ல் தொடங்கிய அமைப்பின் பெயர் தமிழரசுக் கழகம். அதாவது, அப்போது 'கழகம்' யாருக்கும் தனிச்சொத்து இல்லை. அமைப்பு என்றுதான் அர்த்தம்.

எப்போது மாறியது?

1949-ல் திமுக, 1967-ல் ஆட்சி, 1972-ல் அதிமுக. இதற்குப் பிறகு 'கழகம்' என்றாலே திராவிடக் கட்சி என்று ஆகிவிட்டது. 'கழகங்கள் இல்லா தமிழகம்' என்று பாஜக முழங்கியபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை. போக்குவரத்துக் கழகத்தை மூடச் சொல்றாங்கன்னு எவரும் பயப்படவும் இல்லை. (டாஸ்மாக்கின் முழுப்பெயரும் தமிழ்நாடு மாநில வாணிபக் 'கழகம்'தான்.)

இப்போது?

மறுபடியும் நகர்கிறது. 2018-ல் டிடிவி தினகரன் தொடங்கிய அம்மா மக்கள் முன்னேற்றக் கழகத்தின் பெயரில் 'திராவிடம்' இல்லை. அதற்காகவே விமர்சனமும் வந்தது. 2024-ல் விஜய் அறிவித்த பெயரிலும் இல்லை. இரண்டிலும் 'கழகம்' மட்டும் இருக்கிறது. கொள்கையைச் சொன்ன சொல் போய், ஆட்சிக்கு வரக்கூடிய கட்சி என்ற தோற்றத்தைத் தரும் சொல் நின்றுவிட்டது என்றே தோன்றுகிறது.

விஜய் கட்சி முதலில் 'வெற்றி கழகம்' என்றுதான் எழுதியது. ஒற்றுப்பிழை என்று தமிழ் ஆர்வலர்கள் பிடித்துக்கொள்ள, சில நாட்களிலேயே 'க்' சேர்ந்தது.