மோட்டார் பழுதா? மின்சாரக் குறையா?

தாம்பரத்தைச் சுற்றியுள்ள அகரம்தென், மாடம்பாக்கம், மணிமங்கலம், படப்பை போன்ற ஊர்களில் ஏரித் தண்ணீர் வற்றிய பிறகு நெல்லும் கீரையும் காய்கறியும் கிணற்றையும் ஆழ்குழாய்க் கிணற்றையும் நம்பியே நிற்கின்றன. சொர்ணவாரி நெல் கதிர் வெளிவரும் சமயத்தில் மோட்டார் நான்கு நாள் நின்றுவிட்டால் நேரும் நட்டம் எவ்வளவு என்பதை விவசாயப் பெருமக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுழலவில்லை. அல்லது ஓடுகிறது, ஆனால் தண்ணீர் குறைவாக வருகிறது. அல்லது கால் மணி நேரத்தில் ஸ்டார்ட்டர் விழுந்துவிடுகிறது. இந்த நிலையில் பெரும்பாலோர் உடனே மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டும் கடைக்கு எடுத்துச் செல்கிறார்கள். குறை மோட்டாரில் இல்லாமல் அதற்கு வரும் மின்சாரத்தில் இருந்தால், புதிதாகக் கட்டிய காயிலும் சில நாட்களில் எரிந்துவிடும். ஆகவே மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் மின்சாரத்தைச் சோதிப்பதே முதல் வேலை.

நிற்கும்போது பார்த்தால் போதாது

"மீட்டரில் 410 வோல்ட் காட்டுகிறது, மின்சாரம் சரியாகத்தான் இருக்கிறது" என்று பலர் சொல்வார்கள். மோட்டார் நிற்கும்போது பார்த்த அளவு இது. தண்ணீர்க் குழாயை எண்ணிப் பாருங்கள். உள்ளே பாதி அடைத்திருந்தாலும், வாயை மூடி வைத்திருக்கும்வரை குழாயில் அழுத்தம் முழுமையாகவே இருக்கும். வாயைத் திறந்து தண்ணீர் ஓடும்போதுதான் அடைப்பு தெரியும். மின்சாரமும் அப்படியே. கம்பியில் மின்சாரம் ஓடும்போதுதான் மின்னழுத்தம் குறையும். மோட்டார் கிளம்பும்போது, சாதாரணமாக ஓடும்போது எடுப்பதைப் போல 5 முதல் 7 மடங்கு மின்சாரம் எடுக்கிறது. குறையும் அப்போதுதான் மிகுதியாகத் தெரியும்.

மின்னழுத்தம் சிறிது குறைந்தாலும் மோட்டாரின் திருகு வலிமை அதிகமாகக் குறைந்துவிடும். 415 வோல்ட்டில் ஓட வேண்டிய மோட்டாருக்கு 332 வோல்ட் வந்தால், அதாவது 80 சதம் வந்தால், கிளம்பும் வலிமை 64 சதமே இருக்கும். அதனால்தான் மோட்டார் உறுமிக்கொண்டே நின்று, சூடேறி எரிகிறது.

மூன்று அளவுகள்

உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு கீழ்க்கண்ட மூன்று அளவுகளை எடுத்து எழுதி வையுங்கள். 400 வோல்ட் உயிரைக் குடிக்கும். பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தாமே செய்யக் கூடாது.

1. மோட்டார் நிற்கும்போது மெயின் சுவிட்சில் உள்ள மின்னழுத்தம்.
2. மோட்டார் ஓடும்போது அதே மெயின் சுவிட்சில் உள்ள மின்னழுத்தம்.
3. மோட்டார் ஓடும்போது மோட்டார் இணைப்புப் பெட்டியில் உள்ள மின்னழுத்தம். நீர்மூழ்கி மோட்டாரானால், கேபிள் கிணற்றுக்குள் இறங்கும் இடத்தில் பார்க்கலாம்.

ஒவ்வொரு முறையும் மூன்று முனைகளையும் இரண்டிரண்டாகப் பார்க்க வேண்டும்.

முதல் அளவு 410, இரண்டாவது 400, மூன்றாவது 350 என்று வைத்துக் கொள்வோம். மெயினிலிருந்து மோட்டாருக்குப் போவதற்குள் 50 வோல்ட் காணாமற் போயிருக்கிறது. குறை உங்கள் கம்பியிலோ, ஸ்டார்ட்டரிலோ, இணைப்புகளிலோ இருக்கிறது. இதை நீங்களே சரி செய்து கொள்ள வேண்டும்.

முதல் அளவு 400, இரண்டாவது 340, மூன்றாவது 335 என்றால் குறை வெளியே இருக்கிறது. சர்வீஸ் கம்பி, கம்பத்தில் உள்ள இணைப்பு, டிரான்ஸ்பார்மரின் சுமை ஆகியவற்றை மின்வாரியத்தார் பார்க்க வேண்டும். அளவுகளைத் தேதி, நேரத்துடன் எழுதிப் பிரிவு அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். மின்னகம் தொலைபேசி எண் 94987 94987-இலும் புகாரைப் பதிவு செய்யலாம். "கரண்டு சரியில்லை" என்ற வெறும் சொல்லைவிட எண்களுடன் கூடிய மனுவுக்கு மதிப்பு அதிகம். வீடுகள் பெருகிய இடங்களில் வீடுகளும் பம்புசெட்டுகளும் ஒரே டிரான்ஸ்பார்மரில் இருந்தால், கோடை இரவுகளில் மின்னழுத்தம் மிகவும் தாழும். அங்கே காலையிலும் இரவிலும் தனித்தனியே அளவெடுக்க வேண்டும்.

மூன்று அளவுகளும் நன்றாக இருந்தும் மோட்டார் திணறினால் மட்டுமே மோட்டாரையும் பம்பையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இணைப்புகளே முதல் எதிரி

கம்பியைவிட அதன் மூட்டுகளில்தான் குறை மிகுதி. 5 குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 7.5 ஆம்பியர் எடுக்கும். ஒரு தளர்ந்த இணைப்பில் 2 வோல்ட் மட்டும் இழந்தாலும் அந்த ஒரு புள்ளியில் 15 வாட் சூடு உண்டாகும். சூட்டினால் செம்பு கறுக்கும். கறுத்தால் இழப்பு கூடும். இழப்பு கூடினால் சூடு இன்னும் ஏறும். கடைசியில் அந்த முனை அறுந்துவிடும்.

மாதம் ஒரு முறை மெயினை அணைத்து, பியூஸ் கட்டைகளைக் கழற்றி எடுத்த பிறகு, ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். கறுத்த திருகு, உருகிய உறை, கருகல் வாடை ஆகியவை அடையாளங்கள். குளவிக்கூடு, பல்லி, எறும்பு இருந்தால் அப்புறப்படுத்துங்கள். கோவளம், முட்டுக்காடு பக்கம் உப்புக் காற்றில் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு விரைவில் ஏறும். அங்கே இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். அலுமினியக் கம்பியையும் செம்புக் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி இணைக்கக் கூடாது. அந்த மூட்டு அரித்துப் போகும். இரண்டுக்கும் ஏற்ற இணைப்பானைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

கம்பியின் தடிமன்

கிணறு தூரத்தில் இருந்தால் தடித்த கம்பி வேண்டும். 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி 100 மீட்டர் போனால், 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 8 வோல்ட் இழக்கும். கிளம்பும்போது இழப்பு இன்னும் பல மடங்காகும். தூரம் இருமடங்கானால் இழப்பும் இருமடங்கு. கம்பியின் பரப்பு இருமடங்கானால் இழப்பு பாதி. கிணற்றை ஆழப்படுத்திப் பெரிய மோட்டார் போட்டவர்கள் பழைய கம்பியையே விட்டு வைப்பது பெருந்தவறு.

ஒரு முனை போனால்

மூன்று பியூஸ்களில் ஒன்று போனால், நிற்கும் மோட்டார் உறுமும், கிளம்பாது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரோ நிற்காமல் மற்ற இரு முனைகளில் ஓடும். அந்த இரண்டிலும் மின்சாரம் ஒன்றே முக்கால் மடங்காகி, சிறிது நேரத்தில் காயில் எரியும். ஆகவே ஒரு முனை போனால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கருவியைக் கட்டாயம் பொருத்துங்கள்.

மூன்று முனைகளும் சமமாகவும் இருக்க வேண்டும். 410, 405, 385 என்று இருந்தால் சராசரி 400. அதிலிருந்து அதிக விலகல் 15 வோல்ட், ஏறத்தாழ 4 சதம். மின்னழுத்தத்தில் இந்தச் சிறு வேறுபாடு மோட்டார் எடுக்கும் மின்சாரத்தில் பல மடங்காகும். 5 சதத்துக்கு மேல் போனால் மோட்டாரை ஓட்டாதீர்கள்.

செய்யக் கூடாதவை

ஸ்டார்ட்டர் விழுகிறதென்று அதில் குச்சி செருகுவதும் கயிறு கட்டுவதும் வேண்டாம். ஸ்டார்ட்டர் விழுவது மோட்டாரைக் காப்பாற்றவே. ரிலேயை மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு ஏற்பவே வைக்க வேண்டும். பியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றாதீர்கள். மும்முனை மோட்டாரைக் கன்டென்சர் போட்டு இரு முனையில் ஓட்டினால் உங்கள் மோட்டாரும் கெடும்; அண்டை வயல்காரரின் மின்னழுத்தமும் கெடும்.

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார்

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதிகளில் தண்ணீர் தேங்கியது. தரைமட்ட மோட்டாரும் ஸ்டார்ட்டரும் நனைந்துவிட்டால், வெளியே உலர்ந்தது போலத் தோன்றினாலும் சுவிட்சைப் போடக் கூடாது. மோட்டாரைப் பிரித்து நன்கு உலர்த்தி, மெக்கர் கருவியால் சோதித்து, குறைந்தது 1 மெகஓம் காட்டிய பின்னரே இணைக்க வேண்டும். அவசரப்பட்டால் மோட்டாரோடு உயிரும் போகக்கூடும். மழைக்காலத்துக்கு முன்பே ஸ்டார்ட்டரை உயரத்தில் மாற்றிப் பொருத்துவது நல்லது.

டிராக்டருக்கும் இதே முறை

படகில் நங்கூரச் சங்கிலியைச் சுருட்டும் மின் மோட்டாருக்கும், டிராக்டரின் செல்ப் மோட்டாருக்கும் விதி இதுவே. 12 வோல்ட் பாட்டரி நிற்கும்போது 12.6 காட்டும். செல்ப் அடிக்கும்போது பாட்டரி முனையிலேயே 9.5-க்குக் கீழே விழுந்தால் பாட்டரியைச் சோதிக்க வேண்டும். பாட்டரியில் 11 இருந்து, செல்ப் மோட்டாரில் 8 மட்டும் வந்தால் பாட்டரி நல்லது; கேபிளோ எர்த் இணைப்போதான் குறை. முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினால் போதும். புதுப் பாட்டரிக்கான செலவு மிஞ்சும்.

ஆகவே, மோட்டார் நன்றாக ஓடும் நாளிலேயே மூன்று அளவுகளையும் எடுத்துப் பம்பு அறைச் சுவரில் எழுதி வையுங்கள். கெட்ட நாளில் எங்கே எத்தனை வோல்ட் குறைந்தது என்று அந்தச் சுவரே உங்களுக்குச் சொல்லும்.