ஓபன் டாப் ஜீப்பில் முன் கண்ணாடி மங்குவது ஏன்? நீங்களே செய்யக்கூடிய மாற்றங்கள் என்னென்ன?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழே நல்ல வெயில் என்பதால், ஜீப்பின் மேல் துணியை மடக்கிவிட்டு ஒரு நண்பர்கள் குழு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி மலை ஏறியதும் சாரல் பிடிக்கிறது. நனைந்த சட்டையோடு அவசர அவசரமாகத் துணியை இழுத்து மாட்டுகிறார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, முன் கண்ணாடி பால் ஊற்றியது போல வெள்ளையாகிறது.

"வைப்பரைப் போடுடா மச்சான்!"

"போட்டுட்டேன்டா... போக மாட்டேங்குது!"

ஓட்டுபவர் ஒரு கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணாடியைத் தேய்க்கிறார். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 10 மீட்டர் கடந்துவிடும். மூன்று நொடி தேய்த்தால் 30 மீட்டர். அத்தனை தூரமும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

வார இறுதி மலைப் பயணங்களுக்காக சாஃப்ட் டாப் தார் வாங்கியவர்கள், பழைய ஜீப்பை வாங்கிப் புதுப்பித்தவர்கள் என இந்தச் சிக்கலைச் சந்திப்பவர்கள் பலர். இதற்கான தீர்வுகளில் பெரும்பாலானவை வீட்டிலேயே செய்யக்கூடியவைதான். ஆனால், எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: மங்குவது கண்ணாடியின் எந்தப் பக்கம்?

உள்ளேயா, வெளியேயா?

காற்றில் எப்போதும் நீராவி இருக்கிறது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் அது சுமார் 17 கிராமாகக் குறைகிறது. 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். மலை ஏற ஏற வெளிக்காற்று குளிர்கிறது. மழையும் சேர்ந்தால் கண்ணாடி இன்னும் குளிர்கிறது. அந்தக் குளிர்ந்த கண்ணாடியைத் தொடும் ஈரக் காற்றால் நீராவியைத் தாங்க முடியாமல், நுண்ணிய துளிகளாகக் கண்ணாடியில் படியவிடுகிறது. இதைத்தான் 'ஆவி படிகிறது' என்கிறோம்.

வண்டிக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது? முதலில் நம்மிடமிருந்தே. ஒருவர் ஒரு நாளில் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஏறக்குறைய முக்கால் லிட்டர் நீரை ஆவியாக வெளியேற்றுகிறார். அதோடு நனைந்த சட்டை, ஊறிய சீட், தரையில் தேங்கிய தண்ணீர் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

சென்னை, கடலூர் போன்ற புழுக்கமான கடலோர ஊர்களில் கதை தலைகீழ். ஏசியின் குளிர்காற்று முன் கண்ணாடியில் பட்டுக்கொண்டே இருந்தால், வெளியே இருக்கும் சூடான ஈரக் காற்று கண்ணாடியின் வெளிப்புறத்தில் படியும். அதற்கு வைப்பர் போதும். கூடவே, ஏசி காற்றைக் கண்ணாடியிலிருந்து வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும்.

கண்டுபிடிப்பது சுலபம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, உள்பக்கம் விரலால் ஒரு கோடு போடுங்கள். கோடு தெளிந்தால் ஆவி உள்ளே இருக்கிறது. அப்போது வைப்பர் எவ்வளவு வேகமாக ஆடினாலும் பயனில்லை.

திறந்த வண்டியில் மட்டும் என்ன சிக்கல்?

மூடிய காருக்குச் சொல்லப்படும் பல யோசனைகள் இங்கே எடுபடாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் அதற்கு நல்ல உதாரணம். மூடிய காரில் அது உள்ளிருக்கும் ஈரத்தை ஓரளவு உறிஞ்சும். துணிக் கூரை வண்டியிலோ இடுக்குகள் வழியே புது ஈரக் காற்று நொடிக்கு நொடி நுழைந்துகொண்டே இருக்கிறது. பொட்டலம் எத்தனை வைத்தாலும் கட்டுப்படியாகாது.

கூரை முழுவதும் திறந்திருந்தால் இன்னொரு விஷயமும் நடக்கிறது. ஓடும் வண்டியில் காற்று முன் கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டிப் பாயும்போது, கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைகிறது. அதனால் பின்பக்கக் காற்று சுழன்று முன்னோக்கி வருகிறது. அதோடு சாரலும் தூசியும் வந்து கண்ணாடியின் உள்பக்கம் படிகின்றன. உள்பக்கம் துடைக்க வைப்பர் கிடையாது.

வைப்பருக்கே ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் கால வில்லிஸ் ஜீப்பில் வைப்பரைக் கையால்தான் ஆட்ட வேண்டும். பிறகு வந்த ஜீப்களில் எஞ்சினின் உறிஞ்சு விசையால் இயங்கும் வைப்பர் வந்தது. மேடு ஏற ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்த விசை குறையும், வைப்பரும் சோர்ந்துவிடும். எங்கே அதிகம் தேவையோ, அங்கேதான் கைவிடும். மின்மோட்டார் வைப்பர் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

செலவில்லாத முதல் வேலை: சுத்தம்

ஆவி, சுத்தமான கண்ணாடியைவிட எண்ணெய்ப் படலம் உள்ள கண்ணாடியில் அதிகம் தொந்தரவு தரும். டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் வெளியிடும் ஆவி, டீசல் புகை, கைரேகை எல்லாம் சேர்ந்து இந்தப் படலத்தை உண்டாக்குகின்றன. கையால் துடைத்தால் உள்ளங்கை எண்ணெயும் அதில் சேர்கிறது. இரவில் எதிரே வரும் ஹெட்லைட் கண்ணாடி முழுக்கச் சிதறித் தெரிவதற்கும் இதுவே காரணம்.

முதலில் ஈரத் துணியால் தூசியை எடுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, உள்பக்கத்தை இரண்டு முறை துடையுங்கள். கதவும் கூரையும் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம். அந்தத் துணியைத் துவைத்துக் காயவைத்து வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பல நேரங்களில் பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

உள்ளுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று

கடைகளில் கிடைக்கும் பூச்சுகள் இரண்டு வகை. வெளிப்புறத்துக்கான மழைப் பூச்சு, தண்ணீரை முத்து முத்தாகத் திரட்டும். வண்டி ஓடும்போது காற்று அந்த முத்துகளைத் தள்ளிவிடும். ஆவி தடுக்கும் பூச்சு இதற்கு நேர்மாறு. அது தண்ணீரைத் துளியாகத் திரளவிடாமல் மெல்லிய படலமாகப் பரப்பும், பார்வை அதன் வழியே தெளிவாகச் செல்லும். அது உள்பக்கத்துக்கானது. இரண்டையும் மாற்றிப் பூசினால் நிலைமை மோசமாகும்.

ஷேவிங் ஃபோம், பாத்திரம் கழுவும் திரவத்தின் ஓரிரு துளி ஆகியவையும் ஆவி தடுக்கும் பூச்சாகவே வேலை செய்யும். மெல்லியதாகத் தடவி, கண்ணாடி பளிச்செனத் தெரியும்வரை துடைத்தெடுக்க வேண்டும். சில நாட்கள்தான் தாங்கும். வைப்பர் பழுதான லாரிகளில் புகையிலையையோ வெட்டிய உருளைக்கிழங்கையோ கண்ணாடியில் தேய்ப்பதும் இதே தத்துவம்தான். அவசரத்துக்கு அது கைகொடுக்கும். ஆனால் மண்ணெண்ணெய், டீசல் மட்டும் வேண்டவே வேண்டாம். அவை எண்ணெய்ப் படலம் விடும், வைப்பர் ரப்பரையும் கெடுக்கும்.

இடுக்கை அடைப்பது

மழையில் வண்டியை நிறுத்தி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்க்கட்டும். தண்ணீர் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நுழையும். ஒன்று, கண்ணாடிச் சட்டமும் துணிக் கூரையும் சேரும் மேல் விளிம்பு. மற்றொன்று, மடக்கும் கண்ணாடி உள்ள ஜீப்களில் சட்டத்தின் அடிப்பகுதி. காய்ந்து வெடித்த பழைய ரப்பரை உரித்தெடுத்துவிட்டு, ஒட்டும் பசையோடு மீட்டர் கணக்கில் கிடைக்கும் ரப்பர் பீடிங்கை ஒட்டலாம். கண்ணாடியின் உள்பக்கம் வழியும் நீர் நின்றாலே ஆவி வெகுவாகக் குறையும்.

காற்றை ஓடவிடுவது

ஏசியும் ஹீட்டரும் இருந்தால், காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பும் டிஃபாக் பொத்தானை அழுத்தி, வெளிக்காற்று வரும்படி வைத்து, ஏசியோடு சூட்டையும் சேர்த்து ஓடவிடுவதே சிறந்த வழி. ஏசி ஈரத்தை எடுக்கும், சூடு கண்ணாடியைக் காய வைக்கும்.

இரண்டுமே இல்லாத பழைய ஜீப்பில், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் 12 வோல்ட் சிறு மின்விசிறியைக் கண்ணாடியை நோக்கித் திருப்பி வைக்கலாம். வயரை வெட்ட வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டை நிரந்தரமாகப் பொருத்துபவர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்து அரை ஆம்பியர் அளவே எடுக்கும். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பிலிருந்து எடுத்து, எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும். தகரத்தில் துளையிட்டு வயரைக் கொண்டுபோனால், துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். அதிர்வில் வயர் உராய்ந்து ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கலாம். ஏர்பேக் உள்ள வண்டி என்றால், அதன் மூடியின் மேல் எதையும் ஒட்டக் கூடாது. விபத்தில் அது முகத்தை நோக்கிப் பறக்கும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. மேகத்துக்குள்ளேயே ஓட்டும்போது காற்றே முழு ஈரமாக இருக்கும். வெறும் விசிறி அப்போது அரைகுறையாகத்தான் உதவும். சூடு வேண்டுமானால் எஞ்சின் கூலன்ட்டில் இயங்கும் ஹீட்டர் பொருத்த வேண்டும். அது மெக்கானிக் வேலை. குழாய் கசிந்தால் எஞ்சினே போய்விடும்.

வைப்பர் மெதுவாக ஆடுகிறதா?

வெளிப்புறம் தெளிவில்லை என்றால் பலரும் மோட்டாரை மாற்றிவிடுகிறார்கள். அதற்கு முன் மல்டிமீட்டரால் ஒரு சோதனை செய்யலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் இருக்கும். வைப்பர் ஆடும்போது மோட்டார் முனையில் 11 வோல்ட்தான் காட்டுகிறது என்றால், குறை வழியில் இருக்கிறது. கண்ணாடிச் சட்டத்தில் மோட்டார் பொருத்திய பழைய ஜீப்களில், எர்த் மின்னோட்டம் துருப்பிடித்த கீல் வழியாகப் போகும். மோட்டார் உடலிலிருந்து வண்டியின் பாடிக்குத் தனி எர்த் வயர் ஒன்று கொடுத்தாலே வைப்பர் சுறுசுறுப்பாகிவிடும். சுவிட்ச் பழசாகியிருந்தால் ஒரு ரிலே சேர்க்கலாம். வைப்பர் பிளேடு ரப்பர் நம்மூர் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். பருவமழைக்கு முன் ஆண்டுக்கொரு முறை மாற்றுவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்கிறது.

பிளேடு, பீடிங், சொருகும் மின்விசிறி எல்லாம் சாதாரணப் பராமரிப்பு. கண்ணாடிச் சட்டத்தை வெட்டுவது, கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் ஷீட் மாட்டுவது ஆகியவை அப்படி அல்ல. முன் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும், குறைந்தது 70 சதவீத ஒளியை ஊடுருவ விட வேண்டும் என்கிறது விதி. மின்சார இணைப்பில் கை வைத்தால், வாரன்ட்டியும் இன்ஷூரன்ஸும் என்ன சொல்கின்றன என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

நடுவழியில் மங்கினால்?

கையால் தேய்க்க வேண்டாம். வேகத்தைக் குறைத்து, இடது இண்டிகேட்டர் போட்டு, வளைவு இல்லாத இடத்தில் ஓரங்கட்டுங்கள். நின்ற பிறகு ஹசார்டு விளக்கைப் போடுங்கள். பக்கத் துணிகளைத் திறந்துவிட்டு, நனைந்த பொருட்களைப் பின்னால் தள்ளி, காய்ந்த துணியால் உள்பக்கத்தைத் துடைத்த பிறகு கிளம்பலாம். மொத்தமும் ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் தாமதமானதற்காக வால்பாறை எங்கேயும் போய்விடாது.