ஊசிப் பெட்டியோடு முகாமுக்கு வரும் பிள்ளைகள்



மே மாதம் வந்தால் நம் சபைகளில் வி.பி.எஸ்.ஸும் சிறுவர் முகாமும் களைகட்டும். ஆனால் தினமும் இன்சுலின் ஊசி போடவேண்டிய பிள்ளையை வெளியூர் முகாமுக்கு அனுப்ப எந்தத் தாய் துணிவாள்? பொறுப்பேற்க நடத்துகிறவர்களும் தயங்குவார்கள். அந்தப் பயம் நியாயமானதே. அதற்குத் தொண்ணூறு வருஷங்களுக்கு முன்பே சில சபைப் பெண்கள் ஒரு வழி கண்டார்கள்.

"சின்னப் பிள்ளைக்குமா சர்க்கரை வியாதி?" என்று சிலர் ஆச்சரியப்படுகிறார்கள். பெரியவர்களில் நாம் அதிகமாய்ப் பார்ப்பது வேறு, இது வேறு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதல்ல. தாய் தகப்பன் செய்த குற்றத்தாலும் அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 1922 ஜனவரியில் டொரொண்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்குமுன் வைத்தியர்களால் முடிந்ததெல்லாம், அரைப் பட்டினி போட்டு நாளைக் கொஞ்சம் நீட்டுவதுதான்.

பிழைத்த பிள்ளைகளுக்கு இனி வாழக் கற்றுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1925-லேயே டாக்டர் லெனார்ட் வெண்ட் இவர்களுக்கென்று முகாம் நடத்தினார். அதே நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை 1881-ல் நிறுவிய கிளாரா பார்ட்டன் அம்மையார் பிறந்த வீடு அங்கே இருக்கிறது. யூனிவர்சலிஸ்ட் சபையின் பெண்கள் சங்கத்தார் 1921-ல் அந்த வீட்டை வாங்கினார்கள். சர்க்கரை வியாதி வைத்தியத்தில் பேர்பெற்ற டாக்டர் எலியட் ஜாஸ்லினுக்கும் அந்தப் பக்கமே சொந்த ஊர். அவருடைய ஒத்துழைப்போடு 1932-ல் அவ்விடத்தில் சர்க்கரை வியாதியுள்ள சிறுமிகளுக்குக் கோடை முகாம் தொடங்கியது. பையன்களுக்கான முகாம் 1948-ல் வந்தது.

முகாமில் கவனமெல்லாம் விளையாட்டின்மேல்தான். ஓடி நீந்தினால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும். அன்றிரவு தூக்கத்திலும் இறங்கலாம். ஆகவே வந்தவுடனே பலருக்கு இன்சுலின் அளவைக் குறைக்கிறார்கள். நர்ஸ் நடுராத்திரியிலும் எழுந்து பரிசோதிக்கிறார். அந்தக் காலத்தில் சிறுநீரை மருந்துக் கரைசலோடு கொதிக்கவைத்து நிறம் பார்த்தார்கள்: நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, செங்கல் நிறமானால் மிக அதிகம். இப்போது விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் போதும். தோலில் ஒட்டிய கருவியே சொல்லிவிடுவதும் உண்டு.

"மருந்துக்குக் கொடுக்கும் காசை விளையாட்டுக்கா செலவழிப்பது?" என்று கேட்கலாம். வெட்கத்தினால் பள்ளியில் ஊசியை மறைத்து, பிறகு போடாமலே விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. அப்படி விட்டால் சில நாட்களுக்குள் உயிருக்கே ஆபத்து. அலமாரியில் மருந்து இருந்து என்ன பயன்? டாக்டர் பத்துத் தரம் சொல்லியும் ஏறாதது, பக்கத்துக் கட்டில் சிறுமி தன் தொடையில் தானே ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்தால் ஏறிவிடுகிறது. முகாமில் உதவும் வாலிபர்களில் பலரும் இதே வியாதியுள்ளவர்கள். அங்கே யாருக்கு யார் வெட்கப்படுவது?

இப்படிப்பட்ட பிள்ளை உங்கள் சபை முகாமுக்கு வந்தால், பெற்றோரிடம் ஊசி நேரத்தையும் அளவையும் எழுதி வாங்குங்கள். இன்சுலினை வெயிலில் வைக்காதீர்கள். ஜெபம் நீண்டாலும் அந்தப் பிள்ளையின் சாப்பாட்டு மணி தள்ளிப்போகக் கூடாது (போதகர்களுக்கும் சேர்த்தே சொல்லுகிறேன்). கை நடுங்கி வியர்த்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடியும் சோதியுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.