ஐந்து மா நிலத்தின் நெல் கணக்கு

ஸ்ரீரங்கம் தீவிலும், உய்யக்கொண்டான் வாய்க்கால் பாயும் திருச்சிப் பக்கத்து ஊர்களிலும் நஞ்சையை மாக்கணக்கில் சொல்வார்கள். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. நெல்லுக்கு 12 மரக்கால் ஒரு கலம், ஏறக்குறைய 29 கிலோ. களத்தில் அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார், ‘லாபம்’ என்பார். பிறகுதான் இரண்டு, மூன்று. அந்த லாபம் யார் வீட்டுக் குதிருக்குப் போனது?

குத்தகைக்கு 5 மா உழுத ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாவுக்கு 10 கலம் கண்டதாக வைத்தால் மொத்தம் 50 கலம். 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கு வந்த சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் உழுதவனுக்கு ஐந்தில் இரண்டு பங்கை உறுதி செய்தது. அதற்கே சட்டம் தேவைப்பட்டது என்றால் முந்தைய நிலைமை புரியும். அந்தக் கணக்கில் 20 கலம். விதைநெல்லுக்கு 2 போனால் 18. அது 522 கிலோ நெல். குத்தினால் சுமார் 340 கிலோ அரிசி. ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளைக்கு 2 கிலோ உலையில் போட்டால் 170 நாள் வரும். மீதி 195 நாளுக்குக் கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, வரகுச் சோறு. நெல் விளைவித்தவன் பாதி வருஷம் நெல்லுச்சோறு சாப்பிடவில்லை.

அயர்லாந்திலும் இதே கதைதான். விளைந்த ஓட்ஸ் குத்தகைக்குப் போனது. உழவன் நாளைக்கு 6 கிலோ உருளைக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தான். 1845இல் கிழங்கு அழுகியது, சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். நம் பஞ்சம் 1876-78. சென்னை மாகாண நிவாரண வேலையில் ஓர் ஆணுக்கு நாள் கூலித் தானியம் 450 கிராமாகக் குறைக்கப்பட்டது. 680 கிராமாவது வேண்டும் என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். மண்வெட்டி பிடிப்பவனுக்கு 450 கிராம் என்பது கொடுமை.

1956ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம் நஞ்சையில் குத்தகைதாரர் பங்கை 60 சதவீதமாக்கியது. அதே 5 மாவில் 264 நாள் சோறு. பின்னால் வந்த திருத்தம் 75 சதவீதம் தந்தது: 335 நாள். அறுப்புக் கூலி, கடன் வட்டி எதையும் நான் கழிக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய குத்தகைச் சீட்டோ கணக்கு நோட்டோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகளை உட்காரவைத்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.