கட்டை விரல், பல்லாரி, 33.5 பிக்கோகிராம்

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள் தாவரவியல் ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் மூக்கில் ஏறுவது அசிட்டிக் அமில வாடை. அடுத்து ஜன்னலோரம் வரிசையாகக் கண்ணாடி டம்ளர்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பல்லாரி வெங்காயம், அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொட்டபடி. இரண்டு மூன்று நாளில் வெள்ளைத் தாடியாக வேர் வளர்ந்திருக்கும். அந்தத் தாடியின் நுனியில்தான் நாளைய நாடகத்தின் நடிகர்கள் மொத்தப் பேரும் இருக்கிறார்கள்!

காலையிலேயே நுனிகளை வெட்டி, மூன்று பங்கு எத்தனாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் போட்டுவிடுவார்கள். சின்ன வயதில் ‘ஸ்டாச்சூ’ என்று கத்தினால் தூக்கிய காலோடு நிற்போமே, அதேதான். எந்தச் செல் எந்த வேலையில் இருந்ததோ, அப்படியே உறைந்துவிடும். பிறகு நீர்த்த அமிலத்தில் லேசான சூடு, அசிட்டோகார்மைன் சாயம். அந்தச் சிவப்பு வருவது கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து என்று தெரிந்தபோது நான் ஒரு துள்ளு துள்ளினேன்.

அடுத்து கட்டை விரல். கவர் ஸ்லிப் மேல் உறிஞ்சுதாளை வைத்து நேர் கீழாக ஓர் அழுத்து. விரல் பக்கவாட்டில் ஒரு நூல் நகர்ந்தாலும் போச்சு, எல்லாம் கூழ்.

நுண்நோக்கியில் கண்ணை வைத்தால் பத்தில் ஒன்பது செல்கள் சும்மா கிடப்பது போலத் தெரியும். இது இடைநிலை. தேடுங்கள், தேடுங்கள்... அதோ, இடியாப்பச் சிக்கலாக ஒன்று, புரோஃபேஸ்! குரோமோசோம்கள் நடுக்கோட்டில் அணிவகுத்து நின்றால் மெட்டாஃபேஸ். இரு துருவத்துக்கும் இழுபட்டு V வடிவில் வளைந்து ஓடினால் அனாஃபேஸ். அது சிக்கிவிட்டால் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க முடியாது. அண்ணன் தம்பி பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியது போலிருந்தால் டெலோஃபேஸ். செல் பிரியும் இந்தக் கூத்துக்கு மைட்டாசிஸ் என்று 1882-ல் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் வால்தர் ஃபிளெம்மிங். அவர் பார்த்தது வெங்காயத்தை அல்ல, சாலமாண்டர் குஞ்சுகளின் செல்களை.

மேடை இருக்கட்டும், ஒப்பனை அறைக்கு வாருங்கள். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டித் தராசு. மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும், மூச்சைக்கூட அடக்கியாக வேண்டும். குரோமோசோம்களை எண்ணுவதற்கான தனி வேர்களை முதலில் கோல்ச்சிசின் கரைசலில் ஊறவைப்பார்கள். குரோமோசோம்களை இழுக்கும் கயிறுகளை அது உருவாகவே விடாது. செல் மெட்டாஃபேஸிலேயே திகைத்து நின்றுவிடும், எண்ணிக்கொள்ளலாம். வெங்காயத்துக்கு 16.

தராசு அந்தக் கோல்ச்சிசினை நிறுக்கத்தான். 0.05 சதவீதக் கரைசல், 50 மில்லிலிட்டர். அப்படியானால் 25 மில்லிகிராம். தராசு கிராமில்தான் பேசும். மாணவனாக இருந்தபோது 0.25 வரும் வரை நான் உற்சாகமாகக் கொட்டிக்கொண்டிருந்தேன். உதவியாளர் அண்ணன் தோளைத் தொட்டு, “தம்பி, புள்ளியப் பாரு” என்றார். 0.025 என்று இருந்திருக்க வேண்டும். பத்து மடங்கு! குன்றிமணி ஒன்றின் எடையே ஏறக்குறைய 120 மில்லிகிராம். எனக்குத் தேவைப்பட்டது அதில் ஐந்தில் ஒரு பங்குதான். இதே கோல்ச்சிசின் கவுட் நோய்க்கு மாத்திரையாக வருகிறது. ஒரு மாத்திரையில் 0.5 மில்லிகிராம், அதாவது 500 மைக்ரோகிராம். நான் குவித்து வைத்திருந்தது 500 மாத்திரை. கையுறை போடச் சொல்வது சும்மா இல்லை.

நம் மாநில மலர் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இந்த நஞ்சுதான்.

வெங்காய வேரில் கோல்ச்சிசினைச் சோதித்து 1938-ல் கட்டுரை எழுதிய ஸ்வீடன்காரர் ஆல்பர்ட் லெவான், பிற்பாடு ஜோ ஹின் ஜியோவோடு சேர்ந்து மனித செல்லுக்கு வந்தார். அதே நஞ்சு, அதே நசுக்கு. அதுவரை 48 என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்த மனிதக் குரோமோசோம் கணக்கு, 1956-ல் 46 ஆனது. வெங்காயத்துக்காரர்கள் சொல்லித்தான் நம் கணக்கே நமக்குச் சரியாகத் தெரிந்தது!

இன்னொரு ரகசியம். நாடகத்தின் பெரிய காட்சி மேடையில் நடப்பதே இல்லை. சும்மா கிடப்பது போலத் தெரிந்ததே இடைநிலை, டி.என்.ஏ. இரட்டிப்பது அப்போதுதான். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, எடைதான் காட்டிக்கொடுக்கும். வெங்காயச் செல் ஒன்றில் சுமார் 33.5 பிக்கோகிராம் டி.என்.ஏ., இரட்டித்தபின் 67. அனாஃபேஸில் அது ஆளுக்குப் பாதியாகப் பிரிகிறது. கிராமிலிருந்து மில்லி, மைக்ரோ, நானோ, பிக்கோ என்று புள்ளி மும்மூன்று இடமாக நான்கு முறை தாவ வேண்டும், மொத்தம் பன்னிரண்டு இடம். ஒரு கிராம் வெங்காய டி.என்.ஏ. வேண்டுமென்றால் ஏறத்தாழ 3,000 கோடி செல்களைத் திரட்ட வேண்டும். நம் செல்லில் இருப்பதோ சுமார் 6.5 பிக்கோகிராம்தான். சாம்பாரில் மிதப்பது நம்மைவிட ஐந்து மடங்கு கனம்!

வீட்டில் பல்லாரி இருந்தால் இன்று இரவே அடியிலுள்ள காய்ந்த வேரைச் சுரண்டிவிட்டு ஒரு டம்ளர் மேல் உட்கார வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நாறிவிடும்.