நாயுடன் கடைக்கு வருவோரும் நாமும்

கடலூர் சில்வர் பீச்சிலும் சிதம்பரம் கடைவீதிகளிலும் வளர்ப்பு நாயுடன் வருவோரைக் காண்கிறோம். நம் கடைக்கு வந்தால் என்ன செய்வது என்று சகோதரர்கள் கேட்கிறார்கள்.

நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும் என்பது ஹதீஸ். தாகித்த நாய்க்குத் தன் காலுறையில் நீர் மொண்டு புகட்டியவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்தது என்பதும் ஹதீஸ்தான். ஆக, நாம் விலகுவது சுத்தத்திற்காகவே, வெறுப்பினால் அல்ல. நாயை விரட்டாமல், கேட்ட பொருளை வாசலுக்கே கொண்டுபோய் இன்முகத்துடன் கொடுப்போம்.

நாய் வளர்ப்போருக்கும் ஒரு வேண்டுகோள்: நுழையுமுன் கடைக்காரரிடம் கேளுங்கள், கயிற்றைக் குறுக்கிப் பிடியுங்கள், கழிவை நீங்களே அள்ளுங்கள். பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

இரு தரப்பும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் மனக்கசப்புக்கு இடமில்லை.